மில்லியும் நகர்ந்த முள்ளும்

உலகத்திலேயே கண்ணாடிப் பாலத்தின் மேல் நடந்த முதல் பெண்பிள்ளை நான்தான். முப்பது அடி நீளப் பாலம். கீழே எட்டிப் பார்த்தால் தலை சுற்றும் பள்ளம். மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்த கூட்டம் ஆயிரம் பேருக்குக் குறையாது.

சரி, சரி. ஆறடி நீளம். கீழே முழங்கால் ஆழத்தில் சிமெண்டுத் தரை. கூட்டம் என்றால் பதினாலு பேர், அதிலும் இரண்டு பேர் டீ கொண்டுவந்தவர்கள். உலகத்தில் முதல் ஆள் என்பதும் கொஞ்சம் கூடுதல்தான். ஆனால் மூச்சுவிடாமல் பார்த்தார்கள் என்பது அப்பட்டமான உண்மை. அதற்குக் காரணம் நான் இல்லை, அந்தப் பாலத்தைச் செய்த என் மகள் வயிற்றுப் பேத்தி. இது அவள் கதை. நான் நடுநடுவே வந்து போவேன், கண்டுகொள்ள வேண்டாம்.

அவளுடைய சொந்தப் பெயர் சான்றிதழ்களில் பத்திரமாக இருக்கிறது. வீட்டில் அவள் மில்லி. மில்லிமீட்டரில் பாதி. ஆறு வயதில் அவளுக்கு ஒரு திமிங்கிலக் கதை சொன்னேன். நம் தெரு நீளத்துக்கு இருந்தது, நானே கண்ணால் பார்த்தேன் என்றேன். மற்ற பிள்ளைகளாக இருந்தால் வாயைப் பிளந்து கேட்டிருக்கும். இவள் எழுந்து வெளியே போனாள். கால் மணி நேரம் ஆளைக் காணோம். திரும்பி வந்தவள் முகமெல்லாம் வியர்வை.

"பாட்டி, தெரு என் அடிக்கு முந்நூத்திப் பதினொண்ணு. அவ்வளவு பெரிய திமிங்கலம் கிடையாது. புத்தகத்துல போட்டிருக்கு."

"புத்தகம் எழுதினவன் அந்தத் திமிங்கலத்தைப் பார்த்திருக்க மாட்டான்டி."

"நீயும்தான் பார்க்கலை."

அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது, இந்த வீட்டில் இனி என் பிழைப்பு கஷ்டம் என்று. அவள் அம்மா, அதாவது என் மகள், ஆஸ்பத்திரி மருந்தகத்தில் வேலை பார்ப்பவள். சொட்டு சொட்டாக அளந்து கொடுப்பவளின் மகள் அளக்காமல் என்ன செய்வாள்? அப்பா கப்பலில் இஞ்சின் பார்ப்பவர், வருடத்தில் ஒன்பது மாதம் கடலில். ஆக, இரண்டு அறை வீட்டில் நாங்கள் மூன்று பெண்கள். ஒருத்தி மருந்தை அளப்பாள், ஒருத்தி மற்ற எல்லாவற்றையும் அளப்பாள், ஒருத்தி அளவில்லாமல் அளப்பாள். அந்த மூன்றாமவள் முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்தியவள் என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன்.

மில்லி கட்டடக்கலை படிக்கப் போனாள். கடைசி வருடத்தில் ஆளுக்கொரு பெரிய வேலை செய்து, புத்தகம் போட்டு, மார்க் போடும் ஜூரி முன்னால் நின்று பேச வேண்டும். இவள் எடுத்துக்கொண்டது கண்ணாடியில் ஒரு நடைபாலம். இரும்பு இல்லை, மரம் இல்லை, ஆளைத் தாங்குவதே கண்ணாடிதான்.

அவர்கள் கல்லூரி நூலகத்தில் இரண்டு பகுதிகளுக்கு நடுவே பன்னிரண்டடி இடைவெளி. கீழே ஒரு மாடி ஆழத்தில் முற்றம், மேலே வெயில் கொட்டும் கண்ணாடிக் கூரை. அதற்குக் குறுக்கே மில்லியின் பாலத்தைப் போட்டால் மாணவர்கள் சுற்றிக்கொண்டு போக வேண்டியதில்லை. வழிகாட்டிப் பேராசிரியருக்கு இந்த யோசனை பிடித்துப்போயிற்று. அவருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் சுத்தியல். எந்த மாடலைக் கொண்டுபோனாலும் விரல் முட்டியால் நாலு தட்டு தட்டித்தான் பேச்சை ஆரம்பிப்பார். "ஜூரி சரின்னு சொன்னா நிஜமாவே கட்டிடலாம்" என்று அவர் ஒரு நாள் சொல்லிவிட்டார். ஒரு மாணவி வரைந்தது நிஜமாகவே எழும்புவது அந்தக் கல்லூரியில் நடந்ததே இல்லையாம். அன்றைக்கு வீட்டுக்கு வந்தவள் செருப்பைக் கழற்றாமல் சமையலறை வரைக்கும் வந்தாள். மில்லிதானா என்று நான் இரண்டு தடவை பார்த்தேன்.

நூலகர் அவளைவிட அவசரக்காரர். பாலத்தின் ஓரமாக ஒரு புத்தக அலமாரி வைக்கலாம் என்று இடத்தை இப்போதே அளந்துவிட்டார்.

முதலில் பாதி நீளத்தில், ஆறடிக்கு ஒரு மாதிரி செய்து, சுமை ஏற்றிப் பார்க்க வேண்டும். பத்து மில்லிமீட்டர் கனத்தில் மூன்று கண்ணாடிப் பலகைகள். சூளையில் காய்ச்சி உறுதி ஏற்றியவை. அவற்றுக்கு நடுவே ஒட்டும் பிளாஸ்டிக் தாள் வைத்து, மூன்றையும் ஒன்றாக்கியிருந்தார்கள். இரண்டு முனையிலும் முட்டுக் கொடுத்து, நடுவில் மணல் மூட்டைகளை அடுக்கினால் கண்ணாடி எவ்வளவு கீழே வளைகிறது என்பதை அடியில் பொருத்திய டயல் கேஜ் காட்டும். கடிகாரம் மாதிரி முகம், ஒரே ஒரு முள். முடியின் கனத்துக்கு வளைந்தாலும் நகரும் முள்.

அந்தச் சோதனைக்கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. மூட்டையை ஏற்று, ஐந்து நிமிஷம் நில், முள்ளைப் பார்த்து எழுது, மூட்டையை இறக்கு, லேப் அசிஸ்டென்டிடம் கையெழுத்து வாங்கு. பல வருடங்களாக அப்படித்தான். ஏனென்றால் ஒரு மணிக்கு லேப் அசிஸ்டென்ட் கதவைப் பூட்டிக்கொண்டு சாப்பிடப் போய்விடுவார்.

அன்றைக்கு மில்லி சாப்பாட்டு டப்பாவை வீட்டிலேயே மறந்துவிட்டாள். நான் அதைத் தூக்கிக்கொண்டு கல்லூரிக்குப் போனபோது மணி பன்னிரண்டே முக்கால். எட்டு மூட்டை, ஒவ்வொன்றும் இருபது கிலோ, கண்ணாடி மேல் உட்கார்ந்திருந்தன. மில்லி தரையில் மண்டியிட்டு முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு புள்ளி நாலு மில்லிமீட்டர்," என்றாள். "கணக்குல ரெண்டு புள்ளி ஒண்ணு வந்துச்சு. பரவாயில்லை, ரொம்பப் பக்கம்."

லேப் அசிஸ்டென்ட் கையெழுத்துப் போட்டார். ஒல்லியான மனுஷர், சட்டைப் பையில் நாலு பேனா, நாலில் ஒன்றுதான் எழுதும். "மூட்டையை வந்து இறக்கிக்கலாம், வா பாப்பா. பெரியம்மா தனியா உட்கார்ந்து சாப்பிட முடியுமா?" என்றார். பெரியம்மா என்றது என்னைத்தான். அந்த ஒரு வார்த்தைக்கே அவருக்கு என் சொத்தை எழுதி வைக்கலாம்.

கேண்டீனில் நான் ஒரு கதையை ஆரம்பித்தேன். என் கல்யாணத்துக்கு வந்த புகைப்படக்காரர் புகைப்படப் பெட்டியோடு காணாமல் போன கதை. அது ஒரு கிளைக்கதையில் போய் முடிந்து, அந்தக் கிளை இன்னொரு கிளை விட்டது. லேப் அசிஸ்டென்ட் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மில்லி மட்டும் நடுநடுவே, "பாட்டி, போன தடவை அந்தப் புகைப்படக்காரர் மூணு நாள் கழிச்சு வந்தார்னு சொன்னே," என்று கட்டையைப் போட்டுக்கொண்டிருந்தாள். நாங்கள் எழுந்தபோது மணி மூன்று.

சோதனைக்கூடத்தின் மேற்கு ஜன்னல் வழியாக வெயில் நேராகக் கண்ணாடி மேல் விழுந்துகொண்டிருந்தது. பச்சையும் நீலமுமாக அது பளபளத்ததைப் பார்த்து, "அடடா" என்றேன். மில்லி அதற்குள் முள் முன்னால் குனிந்துவிட்டாள். எழுந்திருக்கவே இல்லை.

"என்னடி?"

"ஆறு புள்ளி எட்டு."

"எது?"

"முள். நகர்ந்திருக்கு."

லேப் அசிஸ்டென்ட் வந்து குனிந்தார். கேஜைச் சுண்டினார். கழற்றி மாட்டினார். முள் திரும்பவும் அங்கேயே போய் நின்றது. அவர் மெதுவாக நிமிர்ந்து, சட்டைப் பையிலிருந்த பேனாக்களைச் சரிசெய்துகொண்டார்.

"பாப்பா, நாம ரீடிங் எடுத்தது பன்னெண்டே முக்காலுக்கு. கையெழுத்தும் போட்டாச்சு. சாப்பிடப் போன நேரத்துல முள் என்ன பண்ணுதுங்கிறது நம்ம கணக்குலயே கிடையாது."

அந்த யோசனை எனக்கும் பிடித்திருந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன். வீட்டுக்கு வரும் வழியில் பேருந்தில் அவள் காதருகே சொன்னேன்: "ரெண்டு புள்ளி நாலுன்னு எழுதிட்டுப் போயேன். அதுவும் பொய் இல்லையே? முள் அப்ப அங்கதானே இருந்துச்சு?"

அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். விரல்கள் மட்டும் பையின் வாரை முறுக்குவதும் பிரிப்பதுமாக இருந்தன.

ஜூரிக்கு நாலு நாள்தான் இருந்தது. புத்தகம் மறுநாளுக்கு மறுநாள் அச்சுக்குப் போக வேண்டும். அந்தப் புத்தகத்தின் கடைசியில் 'வரம்புகள்' என்று ஒரு பக்கம் உண்டு. நம் வடிவமைப்பில் என்ன குறை, எது வரைக்கும் நம்பலாம் என்று நாமே சொல்ல வேண்டிய பக்கம். ஆனால் அதை யாரும் எழுதுவதில்லை. முந்தின வருடத்துக்காரர்களிடமிருந்து அப்படியே இறக்கிவிடுவார்கள். மில்லியும் இறக்கித்தான் வைத்திருந்தாள். நான் படித்துப் பார்த்தேன். கால அவகாசம் போதவில்லை, கருவிகள் போதவில்லை, நிதி போதவில்லை. குறையெல்லாம் ஊரில் உள்ளவர்களுடையது, எழுதியவரிடம் ஒரு குறையும் கிடையாது! இவ்வளவு சாமர்த்தியமாக நான்கூடக் கதை விட்டதில்லை.

அன்று சாயங்காலம் சாப்பாட்டு மேஜையில் அவள் எனக்கும் அவள் அம்மாவுக்கும் விளக்கினாள். மூன்று பிளாஸ்டிக் ஸ்கேல்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வளைத்தாள். லேசாக வளைந்தன. முனைகள் ஒன்றையொன்று தாண்டிப் படிப்படியாக நின்றன. அடுத்து இரண்டு முனையிலும் கிளிப்பைப் போட்டு இறுக்கி வளைத்தாள். வளைக்கவே முடியவில்லை.

"மூணும் ஒண்ணா ஒட்டியிருந்தா ஒரே கனமான பலகை மாதிரி. ஒண்ணு மேல ஒண்ணு வழுக்கினா வெறும் மூணு தகடு. வளையாம நிக்கிற பலம் ஒன்பதுல ஒரு பங்குதான். நான் கணக்குப் போட்டது கிளிப் போட்டதுக்கு. ஆனா நடுவுல இருக்கிற பிளாஸ்டிக் வெயில்லயும், ரொம்ப நேரம் பாரம் இருந்தாலும் இளகுது. கிளிப் தானா கழண்டுக்குது."

"உடைஞ்சிடுமா?" என்றாள் என் மகள்.

"இந்த ஆறடி உடையாது. நூலகத்துல பன்னிரண்டடி. நீளம் ரெண்டு மடங்குன்னா வளையறது எட்டு மடங்கு. மேல வெயில். ஓரத்துல அலமாரி, ராத்திரி பகல் இறக்காத பாரம்." அவள் ஸ்கேல்களை அடுக்கி வைத்தாள். திரும்பக் கலைத்து அடுக்கினாள். "எனக்குத் தெரியலைம்மா. அதான் பயமா இருக்கு. உடையும்னு தெரிஞ்சாக்கூடப் பரவாயில்லை."

"அப்ப எழுதிடு," என்றாள் என் மகள், ஏதோ மருந்துச் சீட்டில் விட்டுப்போனதைச் சேர்க்கச் சொல்வது போல.

"எழுதினா பாலம் போச்சு."



அதற்கப்புறம் வீடு வீடாக இல்லை. மில்லி ஒரு நூலும் ஸ்கேலுமாகக் கிளம்பிவிட்டாள். சமையலறை அலமாரிப் பலகை நடுவில் நாலு மில்லிமீட்டர் தொங்குகிறது. கட்டில் சட்டம் மூன்று. ஜன்னல் மேல் சுவர் ஒன்றுமில்லை, ஆனால் ஒரு விரிசல் இருக்கிறது, அதன் இரு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதினாள். இருபது வருடமாக அந்த அலமாரியின் கீழ் நின்று சமைத்தவள் நான். அன்றிலிருந்து தலையை ஒருக்களித்துக்கொண்டே கிளறினேன். அவள் தட்டில் வைத்த சாப்பாடு வைத்தபடியே இருந்தது. கூப்பிட்டால், "ம்" என்பாள். என்ன கேட்டாலும் அதே "ம்".

மறுநாள் காலையில் கண்ணாடிக்கடைக்குக் கிளம்பினாள். பலகைகளைச் செய்து கொடுத்த கடை. தனியாக அனுப்ப மனமில்லாமல் நானும் போனேன். கடைக்காரர் கை முழுக்கச் சின்னச் சின்னத் தழும்புகள்.

"அண்ணா, இதோட இன்னொரு பலகை சேர்க்க முடியுமா? இல்லைன்னா ஓரத்துல துளை போட்டு போல்ட் முடுக்கலாமா? வழுக்காம இருக்கும்ல?"

அவர் சிரித்தார். "டஃபன்டு கிளாஸ் தங்கச்சி இது. துளையெல்லாம் சூளைக்குப் போறதுக்கு முன்னாடி. போய்ட்டு வந்ததுக்கு அப்புறம் டிரில்லை வெச்சீங்கன்னா முழுப் பலகையும் கல்கண்டு மாதிரி கொட்டிடும்."

"நடுவுல இருக்கிற தாள் வெயில்ல இளகுமாண்ணா?"

"இளகும்தான். வெயில் காலத்துல நாங்க இந்தப் பலகையைப் படுக்க வெச்சு மேல பாரம் ஏத்தவே மாட்டோம்."

மில்லியின் முகம் வெளுத்துவிட்டது. "முன்னாடியே சொல்லக் கூடாதா?"

"நீங்க கனம் கேட்டீங்க, நீளம் கேட்டீங்க. இதைக் கேக்கலையே? கணக்கு வேற போட்டுக் கொண்டுவந்தீங்க. பக்கம் பக்கமா இருந்துச்சு. நான் எட்டாவது. நான் போய் எதைச் சொல்றது?"

நான் ஏதாவது வேடிக்கையாகச் சொல்லி நிலைமையைச் சமாளிப்பவள். அன்றைக்கு அவள் பையை வாங்கிப் பிடித்துக்கொள்ளத்தான் முடிந்தது. அவள் கடை வாசலிலேயே நின்று, நோட்டைத் திறந்து, அவர் சொன்னதை ஒரு சொல் விடாமல் எழுதிக்கொண்டாள். 'சொன்னவர்: கண்ணாடிக்கடைக்காரர்' என்று கீழே போட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் அந்த இறக்கி வைத்த பக்கத்தைக் கிழித்தாள். புதிதாக எழுதினாள். ஒரு பக்கம் நாலு பக்கமாயிற்று. கால அவகாசம் பற்றி அதில் ஒரு வரி கூட இல்லை. முதல் வரி இது: 'மூன்று பலகைகளும் எப்போதும் ஒன்றாகவே இயங்கும் என்று நான் எடுத்துக்கொண்டது தவறு.' அச்சுக்கடைக்காரர் அதைப் படித்துவிட்டு, "இதைச் சேர்க்கணுமா, எடுக்கணுமா?" என்று ஃபோனில் கேட்டாராம்.

ஜூரி நாள். அதே சோதனைக்கூடத்தில், ஆறடிப் பாலத்தின் பக்கத்திலேயே. சுத்தியல் நடுவில். வலப்பக்கம் வெளியிலிருந்து வந்த பரீட்சகர், நரைத்த கிராப்புத் தலையோடு ஓர் எஞ்சினியர் அம்மாள். இரண்டாம் வரிசையில் நூலகர், மடியில் அலமாரியின் படம். பெற்றோர் வரலாம் என்று சொல்லியிருந்ததால் என் மகளும் நானும் பின்னால். மில்லி சுட்டுக்கோலோடு திரைக்கு முன்னால் போய் நின்றாள். கணக்கைச் சொன்னாள், படங்களைக் காட்டினாள். எல்லோரும் தலையை ஆட்டினார்கள். நூலகர் எல்லோருக்கும் முன்னால் ஆட்டினார். அப்புறம் அவள் முள்ளின் கதைக்கு வந்தாள். பன்னிரண்டே முக்கால், மூன்று மணி, வெயில். கோல் கீழே விழுந்தது. எடுக்கக் குனிந்தவள் நிமிர்ந்து, கோல் இல்லாமலே மீதியைச் சொன்னாள்.

சுத்தியல் மேஜையை நாலு தட்டு தட்டினார். "சுத்தி வளைக்காதே. கட்டலாமா, வேண்டாமா?"

"இப்ப இருக்கிற மாதிரின்னா வேண்டாம் சார்."

நூலகர் அலமாரிப் படத்தை மடித்தார். ஒரு மடிப்பு, இன்னொரு மடிப்பு. 

பரீட்சகர் அம்மாள் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார். "நாற்பதாம் பக்கம் கட்டலாம்னு சொல்லுது. எழுபத்தொண்ணாம் பக்கம் வேண்டாங்குது. நான் எதுக்கு மார்க் போடறது?"

"எழுபத்தொண்ணுக்குப் போடுங்க மேடம். நாற்பதை எழுதினப்போ எனக்குத் தெரியாது."

"இதை நீ சொல்லலைன்னா நாங்க கண்டுபிடிச்சிருக்க மாட்டோம். தெரியுமா?"

"தெரியும் மேடம்," என்றாள் மில்லி. நூலகர் பக்கம் திரும்பினாள். "ஆனா அவர் அலமாரிக்கு அளவு எடுத்துட்டார்."

முதல் பரிசு ஒரு மூங்கில் கூரைக்குப் போயிற்று. மில்லி தேறினாள், சுமாராகத்தான். பாலம் வரவில்லை. நூலகத்தில் இன்றைக்கும் பிள்ளைகள் சுற்றிக்கொண்டுதான் போகிறார்கள். நூலகர் அவளோடு ஆறு மாதம் பேசவில்லை. லேப் அசிஸ்டென்ட் மட்டும் சுவரில் ஒரு காகிதம் ஒட்டியிருக்கிறார்: 'சாப்பிட்டு வந்தும் ஒரு முறை முள்ளைப் பார்க்கவும்.' எழுதுகிற அந்த ஒரே பேனாவில்தான் எழுதியிருப்பார்.

இப்போது அவள் ஓர் அலுவலகத்தில் கைப்பிடிகளையும் கண்ணாடிக் கூரைகளையும் சோதிக்கிற வேலையில் இருக்கிறாள். பயம் போய்விட்டது என்று சொன்னால் நான் சொன்ன பொய்களிலேயே அது பெரியதாக இருக்கும். எந்தக் கடைக்குப் போனாலும் மாடிக் கைப்பிடியைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் மேலே ஏறுவாள். வீட்டு விரிசலுக்கு மாதம் ஒரு தேதி.

இனி என் பங்கு. ஜூரி முடிந்து, யாரும் யார் முகத்தையும் பார்க்காமல் நின்றிருந்தபோது, நான் சுத்தியலிடம் போய், "சார், ஆறடிப் பாலம் உடையாதுன்னு புள்ளையே சொல்லிடுச்சு. நான் ஒரு நடை நடந்துட்டு வரட்டுமா?" என்றேன். அவர் மில்லியைப் பார்த்தார். மில்லி ஜன்னலைப் பார்த்தாள், வெயில் இன்னும் அந்தப் பக்கம் வரவில்லை. தலையாட்டினாள். செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினேன். பதினாலு பேர் மூச்சை நிறுத்திவிட்டார்கள். நான் ராணி மாதிரி இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் விடுவிடுவென்று நடந்து கடந்தேன். கண்ணாடி ஒரு இம்மி அசையவில்லை.

இதை எழுதி முடித்து உரக்கப் படித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்து ஆபீஸ் காகிதங்களைப் பார்த்துக்கொண்டிருந்த மில்லி நிமிரவே இல்லை.

"பாட்டி, கடைசி ரெண்டு வரியை மாத்து. நீ கடக்கலை. என் கையைப் பிடிச்சுக்கிட்டுப் பாதி வரைக்கும் வந்தே, கண்ணை மூடிக்கிட்டே, அப்படியே திரும்பிட்டே. அசையலைன்னும் எழுதாதே. அம்மா குனிஞ்சு முள்ளைப் பார்த்துக்கிட்டுத்தான் இருந்தாங்க. பூஜ்யம் புள்ளி ஒன்பது."